'நல்ல மனுஷன்' என்று சொன்னவள்

அந்தப் பள்ளியின் பிள்ளைகள் அவளைப் 'பூட்டக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பறைகள், பரிசோதனைக் கூடம், விளையாட்டுச் சாமான் அறை என்று அத்தனை சாவியும் அவள் மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில்தான் தொங்கின. வாயும் அப்படித்தான், தேவையில்லாமல் திறக்காது. ஃபீஸ் கட்டும் ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்பவர் பிரமுகராக இருந்தாலும் பிளம்பராக இருந்தாலும் ஒரே பார்வை பார்ப்பாள். "சில்லறை இருக்கா?" என்ற ஒரே கேள்வி. இருந்தால் ரசீது, இல்லாவிட்டால் நாளைக்கு.

அவளிடம் ஒரு குணம் உண்டு. யார் மேலாவது கோபம் வந்தால் கத்த மாட்டாள், அழ மாட்டாள். பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை ஒரு தையல்காரர் தோளில் இழுத்துக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்துவிட்டு, "உடம்பு அப்படி, நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டார். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து அவர் பெரிய கடை திறந்தார். திறப்பு விழாவில் ஊரே கூடி நின்றபோது அதே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போய், கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிவிட்டு வந்தாள். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் இந்தக் கதையைப் புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வார். "நான் குடும்பம் நடத்தல, கண்ணிவெடி மேல குடியிருக்கேன்" என்று முடிப்பார். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கையின் மகள்தான் பிள்ளை. பள்ளி ஊழியருக்கு என்று ஃபீஸில் சலுகை உண்டு. பிரின்சிபால் அம்மாவிடம் பேசி, தங்கை மகளையும் அந்தச் சலுகையில் சேர்த்துவிட்டாள். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். பெண் வாய் ஓயாமல் பேசும். கண்ணில் பட்டதையெல்லாம் வரையும். சாவிப் பலகையைக்கூட வரைந்து ஒவ்வொரு சாவிக்கும் ஒரு முகம் போட்டுக் கொடுத்திருந்தது. "இது பிரின்சிபால் ரூம் சாவி பெரியம்மா. அதான் மூக்கு நீளம்."

அந்தப் பள்ளியில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். சட்டை கசங்காது. பேசும்போது குரல் உயராது. ஆண்டு விழா மேடையை அவர் அலங்கரித்தால் பெற்றோர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் கலர் பென்சில் வாங்கிக் கொடுப்பார், சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். பூட்டக்காவே அவரிடம் டிராயிங் அறைச் சாவியை மறு கேள்வி கேட்காமல் கொடுத்து வந்தாள். தங்கை மகளையும் நிறுத்தி வைத்தார் என்றதும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாம் வகுப்பின் நடுவில் அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. டிராயிங் பீரியடுக்கு மணி அடித்ததும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும். இரண்டு தடவை சுடுதண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். அடுத்த தடவை, "ஓசியில படிக்கிறோம்னு சொல்லிக் காட்டுவாங்க, போடி மேல" என்று கையைப் பிடித்துத் தானே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் விட்டுவிட்டு வந்தாள். மாஸ்டர் சிரித்தபடி, "பரவால்லக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பெண் ஒன்றும் பேசவில்லை. இறங்கும் இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை. வண்டி பணிமனைக்குப் போய் நிற்கும்வரை பூட்டக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலி பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பெண் சொன்னது கொஞ்சம்தான். அதற்கு மேல் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் பள்ளி திறப்பதற்கு முன்பே பிரின்சிபால் அம்மா அறையில் போய் நின்றாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு மெல்லிய குரலில் நிறையப் பேசினார். பள்ளிக்கூடத்தின் பெயர், பெண்ணின் பெயர், பெண்ணின் எதிர்காலம், போலீஸ் வந்தால் கேட்கிற கேள்விகள். "அவர அனுப்பிடறேன். இந்த மாசத்தோட இங்க இருக்க மாட்டாரு. சத்தமில்லாம முடிச்சிரலாம். உங்க தங்கச்சியக் கேளுங்க, அவங்களும் இதத்தான் சொல்வாங்க."

தங்கை அதைத்தான் சொன்னாள். அழுதுகொண்டே, மகளின் தலைமேல் அக்காவின் கையை இழுத்து வைத்து, "இவ பேரு உன் வாயில இருந்து எங்கயும் வரக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். பூட்டக்கா சத்தியம் செய்தாள். கைக்குக் கீழே அந்தத் தலை அசையாமல் இருந்தது.

சத்தமில்லாமல் முடிப்பது என்றால் என்ன என்று அடுத்த வாரம் தெரிந்தது. திடீரென்று ஒரு ஆளை அனுப்பினால் பெற்றோர்கள் சந்தேகப்படுவார்கள் என்று பிரின்சிபால் அம்மா வழியனுப்பு விழா வைத்தார். ஹாலில் டீ, பிஸ்கெட், ஒரு கைக்கடிகாரம், பூங்கொத்து. பூங்கொத்து கொடுக்க நன்றாக வரைகிற பிள்ளையாக ஒன்றை அனுப்பச் சொன்னார்கள். விவரம் தெரியாத வகுப்பாசிரியை தங்கை மகளை அனுப்பிவிட்டாள். பூட்டக்கா பின்வரிசையில் டீக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள். பெயரை மைக்கில் கேட்டதும் மேடையில் இருந்த பிரின்சிபால் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு கைதட்ட ஆரம்பித்தார்.

பெண் பூங்கொத்தைக் கொடுத்தது. அவன் குனிந்து கன்னத்தில் தட்டிக் கொடுத்தான். ஹாலே கைதட்டியது.

அந்த நொடியில் இருந்து பூட்டக்காவின் மனதில் அவனுக்கு 'ர்' விகுதி போய்விட்டது. தட்டைக் கீழே வைத்தாள். ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை. இவனை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஆபீஸ்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டால், முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளியின் ஆபீஸுக்கும் ஒரு போன் போகும். "உங்ககிட்ட இருந்தாராமே, ஆள் எப்படி?" என்று ஒரு ஆபீஸ்காரி இன்னொரு ஆபீஸ்காரியைக் கேட்பாள். பிரின்சிபால்கள் எழுதித் தரும் சான்றிதழை யாரும் நம்புவதில்லை. ஆபீஸ்காரி சொல்கிற ஒரு வார்த்தைதான் எடுபடும். இவன் விஷயத்தில் பிரின்சிபால் அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "யார் கேட்டாலும் 'நல்ல மனுஷன்'னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

முதல் போன் ஒரு மாதத்தில் வந்தது. பிரின்சிபால் அம்மா எதிரில் நின்றிருந்தார். பூட்டக்கா, "நல்ல மனுஷன்" என்றாள். சொல்லும்போது நாக்கு கசந்தது. ஆனால் போனை வைத்ததும் வேறொன்று தோன்றியது. இவன் எங்கே போனாலும் அந்த போன் தன் மேசைக்குத்தான் வரும். இவன் முகவரி தன் கைக்குள் இருக்கிறது.

அவசரப்படவில்லை. வீடு மாறட்டும், நாற்காலி மேசை வாங்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் வணக்கம் சொல்லத் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள். அரைப் பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் லீவு போட்டாள். இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, அவன் புதிதாகச் சேர்ந்திருந்த பள்ளியின் தலைமை ஆசிரியர் எதிரில் போய் உட்கார்ந்தாள். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை, தன் பெயரையும் சொல்லவில்லை. "உங்க டிராயிங் மாஸ்டரப் பத்தி ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். அவர் கண் கோழிமுட்டை மாதிரி ஆயிற்று. அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

அவன் வீட்டைக் காலி செய்த அன்று எதிர்க் கடையில் ஒரு எலுமிச்சம் ஜூஸ் வாங்கிக்கொண்டு நின்று பார்த்தாள். புது மேசையின் கால் வண்டிக் கதவில் மாட்டிக்கொண்டு முறிந்தது. அவ்வளவு ருசியான ஜூஸை அவள் வாழ்நாளில் குடித்ததில்லை.

இரண்டாவது போனுக்கும் அதே இரண்டு வார்த்தைதான் சொன்னாள். அந்தப் பள்ளியில் அவன் ஸ்கூட்டர் வாங்கும்வரை விட்டுவைத்தாள். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது போய்ச் சொன்னாள். கணவருக்கு எல்லாம் தெரியும். "என் பின்னாடி இப்படி ஒரு நாளாவது அலைஞ்சிருக்கியா?" என்று கிண்டல் செய்வார். ஒரு தடவை மட்டும் கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டே, "நேரா போலீஸுக்குப் போனா என்ன?" என்று கேட்டார். "சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, போலீஸுக்குப் போனால் இது ஒரே நாளில் முடிந்துவிடும். அவளுக்கு இது முடியக் கூடாது. அவன் ஆயுசு பூராவும் ஒவ்வொரு இடமாக வேர் விட வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் அவள் கையால் பிடுங்க வேண்டும்.

தங்கை மகள் வேறு பள்ளிக்கு மாறி, கல்லூரிக்கும் போய்விட்டது. கணக்கு படித்தது. வரைவதை விட்டுவிட்டது. பூட்டக்காவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு போன் வருகிறதா என்று காத்திருப்பாள்.

மூன்றாவது போன் 'தும்மல்காரி'யிடம் இருந்து வந்தது. நகரத்தின் மறு கோடியில் இருந்த ஒரு பள்ளியின் ஆபீஸ்காரி அவள். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் மாற்றுச் சான்றிதழ் சரிபார்க்க, பாடப் புத்தகம் வந்ததா என்று கேட்க, மாதத்தில் பாதி நாள் பேசிக்கொள்வார்கள். பழைய ஃபைல் தூசி ஒத்துக்கொள்ளாமல் வரிக்கு வரி தும்முவாள். "ஆயுசு நூறு" என்று பூட்டக்கா சொல்வாள். "இந்தச் சம்பளத்துல நூறா? சபிக்காதீங்கக்கா" என்பாள் அவள். மாமியார் கதை, மூட்டு வலி, மேலதிகாரிகளின் கஞ்சத்தனம் எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான்.

"அக்கா, ஒரு டிராயிங் மாஸ்டர் வந்திருக்காரு. உங்ககிட்ட முன்னாடி இருந்தாராமே? கடைசியா இருந்த ஸ்கூல்லயும் நல்லவருன்னுதான் சொன்னாங்க. ஆனா நான் உங்களத்தான் நம்புவேன். எப்படி ஆளு?"

பூட்டக்கா சுற்றிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை. பிரின்சிபால் அம்மா வெளியூர். ஜன்னல் மூடியிருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தும்மல்காரி தொடர்ந்து பேசினாள். ஆள் நல்ல வசதி போலிருக்கு, இங்கேயே வீடு கட்டப் போறாராம், லோனுக்கு எழுதிப் போட்டாச்சாம்.

வீடு. பூட்டக்காவின் மனம் அந்த ஒரு வார்த்தையில் போய் உட்கார்ந்தது. மேசையும் ஸ்கூட்டரும் என்ன பெரிய விஷயம்? வீட்டுச் சாவி அவன் கைக்கு வரட்டும். வாசலில் பெயர்ப் பலகை மாட்டட்டும்.

"நல்ல மனுஷன்" என்றாள்.

"அப்பாடா" என்று தும்மினாள் அவள்.

வீடு கட்டி முடிய நாளாயிற்று. பூட்டக்கா ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய், எழும்புகிற சுவரைத் தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பெயின்ட் அடித்தார்கள். கேட் மாட்டினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தாள்.

தும்மல்காரி மறுபடி கூப்பிட்டபோது தும்மவில்லை. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று, என்றாள். சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார், என்றாள். அம்மா மட்டும்தான் அந்தப் பெண்ணுக்கு. அந்த அம்மா பேக்கரியில் வேலை பார்ப்பவர். மாவுக் கையோடு பள்ளிக்கு ஓடி வந்து கத்தினாராம். போலீஸுக்கும் போய்விட்டாராம். அங்கிருந்து பள்ளிக்கு விசாரிக்க வந்திருக்கிறார்கள்.

"எங்க எச்.எம். சொல்றாரு, 'எல்லா ஸ்கூல்லயும் விசாரிச்சுத்தான் எடுத்தோம், அத்தனை பேரும் நல்ல மனுஷன்னு சொன்னாங்க, சின்னப் பொண்ணு எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா'ன்னு. அந்த அம்மாவப் பொய்க்காரி ஆக்கிட்டாங்கக்கா. போலீஸும் யோசிக்கிறாங்க. இங்க அவருக்கு சென்ட்-ஆஃப் பேச்சு ஓடுது, அடுத்த மாசம் வேற ஊராம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் கேட்டப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. பிரின்சிபால் அம்மா பக்கத்தில் நின்றார் என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியும்" என்றாள் பூட்டக்கா.

போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு தும்மல்காரி கூப்பிடவே இல்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனாள். அவனுக்குச் செய்ய வேண்டியது எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கும் சுவர் தன் வாயில் இருந்து வந்த அந்த இரண்டு வார்த்தை. அதைத் தானே போய் இடிக்க வேண்டும். இடித்தால், ஏன் தெரிந்தும் சொன்னாய் என்று கேட்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், தங்கை மகள் வரை போகும். மகளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம்.

தங்கை கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றாள். "சத்தியம் பண்ணியிருக்க, அக்கா. அவன நீ என்ன வேணா பண்ணு. என் பொண்ண இழுக்காத."

மகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இருபது வயதுப் பெண். கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு வந்தது.

"அவன் அங்க சேர்ந்தது உங்களுக்கு எப்பத் தெரியும் பெரியம்மா?"

"சேர்றதுக்கு முன்னாடியே."

"ஏன் அப்பவே சொல்லல?"

பூட்டக்கா மற்ற பள்ளிகளைப் பற்றிச் சொன்னாள். மேசை, ஸ்கூட்டர், வீடு. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. இத்தனை வருடமும் ஒரு நாள் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று பூட்டக்கா வைத்திருந்தாள். "உனக்காகத்தான்டி. அவன் எங்கயும் நிம்மதியா உக்காரக் கூடாதுன்னு."

"நான் கேட்டேனா?" என்றது பெண். குரல் உயரவில்லை. "அவன் உக்காரணும்னு நீங்க காத்துக்கிட்டு இருந்தப்பல்லாம், அவன் யார் பக்கத்துல உக்காந்திருந்தான்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

முதல் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், இரண்டாவது பள்ளியில் எத்தனை பிள்ளைகள், யாருடைய அம்மா எந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து என்ன கேட்டாள் என்று பூட்டக்காவுக்குத் தெரியாது. அவள் விசாரித்ததெல்லாம் மேசையையும் ஸ்கூட்டரையும்தான்.

"என் பேரச் சொல்லுங்க" என்றது பெண். "வேணாம், நானே வர்றேன். நீங்க உங்களதைச் சொல்லுங்க, என்னத நான் சொல்றேன்."

தங்கை சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டாள். "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்று அக்காவிடம் மட்டும் சொன்னாள். ஆனால் மறுநாள் மகள் கிளம்பியபோது தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பி மகளின் பையில் வைத்தாளாம்.

ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். தங்கை மகளைத் தனி அறைக்கு அழைத்துப் போய்ப் பேசினார். பிறகு பூட்டக்காவைக் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் அவள் ஒழுங்காகச் சொன்னாள். பிரின்சிபால் அம்மா கதவைச் சாத்தியது, வழியனுப்பு விழா, இரண்டு தலைமை ஆசிரியர்கள் சத்தமில்லாமல் அனுப்பியது எல்லாவற்றையும், யார் யார் என்று முழுப் பெயரோடு சொன்னாள். சொல்லும்போது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி ஏறியது. ஒவ்வொரு பெயரும் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

"போன்ல நல்லவன்னு சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்."

"சொல்லச் சொன்னது பிரின்சிபாலா?"

"முதல் தடவை அவங்க. கடைசித் தடவை யாரும் சொல்லல."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "தெரிஞ்சும் புகார் குடுக்காம இருந்தா உங்க மேலயும் வழக்கு வரும், புரியுதா?"

"வரட்டும் மேடம். அவனுக்கு அப்புறம் வரட்டும்" என்றாள்.

புது வீட்டில் வைத்துத்தான் அவனைப் பிடித்தார்கள். பெயர்ப் பலகைகூட மாட்டியிருந்ததாம். அதைக் கணவர் வந்து சொன்னபோது பூட்டக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜூஸ் குடிக்கத் தோன்றவில்லை. "நீ போய்ப் பாக்கலையா?" என்று அவர் கேட்டார். கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்.

பிரின்சிபால் அம்மா அவளைக் கூப்பிட்டார். இந்த முறை தண்ணீர் ஊற்றவில்லை. அவளை வேலையில் இருந்து நிறுத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டு, "நீங்களும்தான போன்ல சொன்னீங்க? உங்களுக்கு மட்டும் என்ன யோக்கியதை?" என்றார். "அதையும் சொல்லிட்டேன்மா" என்றாள் பூட்டக்கா. "நீங்க கைதட்டினதையும் சொல்லிட்டேன்." அந்த அம்மாவின் முகம் மேடையில் வெளுத்ததைப் போல வெளுத்தது. இந்த முறை தட்டுவதற்குக் கைகள் எழவில்லை. அதைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. சாவிகளைப் பலகையோடு கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அப்புறம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். அவனை வண்டியில் இருந்து இறக்கும்போது அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்பாள். அவன் சட்டை இப்போது கசங்கியிருந்தது. முதல் தடவை அவளைக் கண்டதும் ஃபீஸ் ஜன்னல் அக்கா ஏன் இங்கே என்று யோசித்தவன் மாதிரி நின்றான். பிறகு விளங்கியது. அது விளங்கிய நொடியை அவள் பார்த்தாள். அதற்காகத்தானே இத்தனை வருடம். நெஞ்சு நிறையும் என்று நினைத்தாள். பாதிதான் நிறைந்தது.

பிள்ளைகள் சாட்சி சொல்லும் நாளில் மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். நீளமான தாழ்வாரம். ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. அதன் ஒரு முனையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது பூட்டக்காவைவிடக் குறைவு. நகக் கண்களில் மாவு வெள்ளையாக உலர்ந்திருந்தது. பூட்டக்கா மறு முனையில் உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணும் உள்ள இருக்காளா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தங்கச்சி பொண்ணு. காலையில சொல்லிட்டா. வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"பெரிய பொண்ணு, முன்னாடி அவன்கிட்ட படிச்சவ, தானா வந்து சொன்னான்னாங்க. அது அவளா?" அந்தப் பெண் சட்டென்று நகர்ந்து வந்து பூட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ வரலேன்னா என் பொண்ணப் பொய்க்காரின்னே முடிச்சிருப்பாங்க. அவகிட்ட சொல்லுங்கக்கா. நல்லா இருக்கணும் அவ."

கை சூடாக இருந்தது. பூட்டக்கா அந்தக் கையைப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் இருந்தால் அந்தக் கை அப்படியே இருக்கும். அவளுக்கு வாயைப் பூட்டிக்கொள்ளத் தெரியும். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"உங்க ஸ்கூல்ல இருந்து போன் பண்ணி விசாரிச்சாங்க, அவன் சேர்றதுக்கு முன்னாடி" என்றாள். "நல்ல மனுஷன்னு சொன்னது நான். தெரிஞ்சுதான் சொன்னேன். அவன் வீடு கட்டட்டும், அப்புறம் கவுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

அந்தப் பெண் கையை எடுக்கவில்லை, உடனே எடுக்கவில்லை. சொன்னதை உள்ளே வாங்கிக்கொள்ள நேரம் ஆயிற்று. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டாள். எழுந்து போவாள் என்று நினைத்தாள் பூட்டக்கா. அடிப்பாள் என்றும் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மகள் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே எதுவும் கேட்கவில்லை.

"உங்க மேல கேஸ் இருக்கா?" என்று கேட்டாள் கடைசியில், திரும்பாமல்.

"இருக்கு. இதுக்கப்புறம் எடுப்பாங்க."

"எந்தக் கோர்ட்டு?"

பூட்டக்கா சொன்னாள்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன்" என்றாள் அந்தப் பெண். "கடையில லீவு குடுக்கலேன்னாலும் வருவேன்."

"வாங்க" என்றாள் பூட்டக்கா.

கதவு திறந்தது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, மகள் வெளியே வருவதற்கு முன்பே வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். பெஞ்சு பக்கம் அந்தப் பிள்ளையின் பார்வை போகாதபடி, உடம்பால் மறைத்துக்கொண்டு.